கால் எட்டாத கொமட்

கேள்வி:

மிஸ், என் மகளுக்கு இப்போது 3 வயதும் 2 மாதமும். இரண்டு வயதிலேயே பொட்டியில் (சின்னப் பிள்ளைகள் மலசலம் போக நிலத்தில் வைக்கிற சின்ன இருக்கை) இருக்கப் பழகிவிட்டாள். ஹோலில் ரீவிக்கு முன்னால் பொட்டி இருக்கும், அவளாகவே போய் இருப்பாள். போன ஆவணியில் பின்வளவில் புது பாத்ரூம் கட்டிக் கொமட் வைத்தோம். அதில் இருத்தினால் என் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள். பொட்டியை ஒளித்து வைத்துப் பார்த்தோம். நாலு நாளாகப் போகவே இல்லை. ஐந்தாம் நாள் பம்பஸ் கட்டச் சொல்லி அழுது, கதவு மூலையில் நின்றபடி போனாள். கல்லு மாதிரி இருந்தது, ஓரத்தில் இரத்தமும் பட்டிருந்தது. "ரெண்டு அடி போட்டால் எல்லாம் சரியாகும்" என்று மாமி சொல்கிறா. தையில் முன்பள்ளிக்கு விட வேண்டும், அங்கே இருப்பது குந்துகிற கக்கூஸ். மகள் சோறு குறைவாகத்தான் தின்பாள், பால்மா ஒரு நாளைக்கு நாலு போத்தல் குடிப்பாள். இந்தப் பிடிவாதத்தை எப்படி மாற்றுவது?

- திருக்கோவில் பகுதியிலிருந்து ஒரு தாய்

பதில்:

மகள், இதை வாசித்து முடித்ததும் முதல் வேலையாக, ஒளித்து வைத்த பொட்டியை எடுத்து அவளிடம் திரும்பக் கொடுங்கள். இன்றைக்கே கொடுங்கள். "இந்தா, உன்ர பொட்டி. இனி ஒருத்தரும் ஒளிக்க மாட்டம்" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கொடுத்தால் பழக்கம் கெட்டுப்போகும் என்று பயப்பட வேண்டாம். இப்போது அவள் தன் உடம்புக்குள்ளேயே ஒன்றைப் பூட்டி வைத்திருக்கிறாள். அந்தப் பூட்டைத் திறப்பதுதான் அவசரம். கொமட் எங்கும் ஓடிவிடாது.

குடும்பநல உத்தியோகத்தராக வீடு வீடாகப் போன காலத்தில் உங்கள் மகளைப் போல எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கதவு மூலை, கட்டிலுக்குப் பின்பக்கம், அம்மாவின் அல்மாரி இடுக்கு என்று ஒளிந்து நின்று, காலைப் பின்னி, முகம் சிவக்க நிற்பார்கள். பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை முக்குவது போல இருக்கும். உண்மையில் அவள் வெளியே வருவதை அடக்கிக்கொண்டிருக்கிறாள். ஒரு தடவை இறுகிப் போய் மலவாசலில் வெடிப்பு விழுந்தால் நோகும். நொந்ததால் அடுத்த தடவை அடக்குவாள். அடக்க அடக்கக் குடல் அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சி எடுக்க, மலம் இன்னும் பெருத்துக் கல்லாகும். அது வரும்போது இன்னும் நோகும். நீங்கள் பார்த்த இரத்தம் பெரும்பாலும் அந்த வெடிப்பிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்ல வார்த்தை கிடையாது. அதனால் கத்துகிறாள். அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் அவள்மேல் கோபம்தான் வரும்.

சரி, நோவு ஒரு பக்கம். கொமட்டைக் கண்டதும் பயப்படுவது ஏன்?

உங்கள் மாமியிடமே ஒன்று கேளுங்கள். உங்கள் கணவர் கைப்பிள்ளையாக இருக்கும்போது அவரை எப்படி இருத்தினா என்று கேளுங்கள். நிலத்தில் அமர்ந்து, இரண்டு காலையும் நீட்டி, பாதங்களைக் கொஞ்சம் விலக்கி, அதன்மேல் பிள்ளையைத் தன்னைப் பார்க்க இருத்தியிருப்பா. எங்கள் அம்மாமார் எல்லாரும் செய்தது அதுதான். அந்த இருப்பை யோசித்துப் பாருங்கள். பிள்ளையின் பாதம் கீழே ஊன்றியிருக்கும். முழங்கால் இடுப்பை விட உயர்ந்திருக்கும். பிடிக்க அம்மாவின் கை, பார்க்க அம்மாவின் முகம். பொட்டியிலும் பாதி இதேதான், கால் நிலத்தில் இருக்கும். கொமட்டோ தரையிலிருந்து ஏறத்தாழ 16 அங்குல உயரம். உங்கள் மகளின் முழங்கால் உயரம் 10 அங்குலம் அளவில்தான் இருக்கும். ஏற்றி இருத்தினால் இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கும். கீழே அவள் இடுப்பை விடப் பெரிய ஓட்டை, அதற்குள்ளே தண்ணீர். நாங்கள் ஒரு கிணற்றுக் கட்டில் கால் தொங்க அமர்ந்தால் எப்படி இருக்குமோ, அவளுக்கு அப்படி இருக்கிறது.

இதில் உடம்பின் கணக்கு ஒன்றும் உண்டு. மலவாசலுக்கு மேலே ஒரு தசை, குடலை முன்பக்கமாக இழுத்து மடித்துப் பிடித்திருக்கிறது. குழாயை மடக்கிப் பிடித்தால் தண்ணீர் நிற்கிற மாதிரி. குந்தும்போது அந்த மடிப்பு நிமிரும், மலம் இலகுவாக இறங்கும். கால் தொங்கினால் பிள்ளை விழாமல் இருப்பதற்காக இடுப்பையும் தொடையையும் இறுக்கிக்கொள்ளும். தசையும் இறுகும். அப்போது "முக்கு, முக்கு" என்று சொல்லிப் பயனில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் முகாம்களாக இருந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. வளவின் கோடியில் தகரம் அடித்து அவசரத்துக்குக் கட்டிய கக்கூஸ்கள். உள்ளே இருட்டு, குழி ஆழம், கால் வைக்கிற பலகை ஆடும். கடலுக்குத் தப்பி வந்த சின்னப் பிள்ளைகள் அந்தக் குழியைக் கண்டு அலறுவார்கள். நாலு வயது மகனை வைத்திருந்த ஒரு தாய், கக்கூஸ் வாசலிலேயே பழைய பேப்பரை விரித்து, காலை நீட்டி அமர்ந்து, அந்தப் பெரிய பிள்ளையைத் தன் பாதங்களில் இருத்தினா. போனதும் பேப்பரோடு எடுத்துக் குழிக்குள் போட்டுவிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினா. சில நாளில் அவன் கதவு திறந்திருக்க, அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உள்ளே குந்தினான். எந்தப் பயிற்சி வகுப்பிலும் அதை விட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்: கால் ஊன்ற இடம் கொடுங்கள், பிடிக்கக் கை கொடுங்கள்.

ஆனால் கொமட் பக்கம் போவதற்கு முன்னால் மலம் இளக வேண்டும். பழைய நோவு இருக்கிறவரை எந்த இருக்கையும் சரிவராது. இந்த வாரமே மகளின் பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி கிளினிக்கில் காட்டுங்கள், அல்லது ஒரு டொக்டரிடம் காட்டுங்கள். இரத்தம் கண்டிருக்கிறது, நாலு நாள் அடக்கியிருக்கிறாள், ஆகவே வீட்டு வைத்தியத்தோடு நின்றுவிட வேண்டாம். மலத்தை இளக்க லக்டியுலோஸ் போன்ற பாணி தரக்கூடும். தந்தால் சொன்ன அளவில் சொன்ன காலம் வரை கொடுங்கள். இரண்டு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடுவதுதான் நான் அதிகம் கண்ட பிழை. நீண்ட நாள் அடக்கிய பிள்ளைக்கு மாதக்கணக்கிலும் தேவைப்படலாம். வெற்றிலைக் காம்பு, சவர்க்காரத் துண்டு என்று எதையும் மலவாசலில் வைக்காதீர்கள். யார் சொன்னாலும் வைக்காதீர்கள். வெடிப்பு உள்ள இடம் அது. இன்னும் நோகும், அவளுக்கு உங்கள் கையே பயமாகிவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீர் உள்ள பேசினில் 10 நிமிடம் விளையாட விடுங்கள், அது சுகம் தரும்.

அடுத்தது அந்த நாலு போத்தல். ஒரு போத்தல் 8 அவுன்ஸ் என்றால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் பால் ஆகிறது. இந்த வயதுக்கு அரை லீற்றரே தாராளம். சோறு குறைவாகத் தின்பதற்கும், மலம் இறுகுவதற்கும் அந்தப் பால் ஒரு பெரிய காரணம். அளவுக்கு மேல் பால் குடிக்கிற பிள்ளைகளுக்கு இரும்புச் சத்தும் குறையும். ஒரேயடியாக நிறுத்தாமல் மூன்று நாலு நாளுக்கு ஒரு போத்தலாகக் குறைத்து இரண்டுக்குக் கொண்டுவாருங்கள், அதையும் கோப்பையில் கொடுக்கப் பாருங்கள். அந்த இடத்துக்குத் தண்ணீரும் பழமும் வரட்டும். பப்பாப்பழம் உங்கள் வளவிலேயே இருக்கும். கனிந்த வாழைப்பழம், முருங்கையிலைச் சுண்டல், அவித்த பயறு, கௌபி, குரக்கன் பிட்டு என்று எது இறங்குகிறதோ அது. பிஸ்கட்டும் நூடில்ஸும் கொஞ்ச நாளைக்குக் கடையிலேயே இருக்கட்டும்.

மலம் இரண்டு கிழமை நோகாமல் போன பிறகு பொட்டியை நகர்த்தத் தொடங்குங்கள். முதலில் ரீவியை நிறுத்துங்கள். ரீவியைப் பார்த்துக்கொண்டு இருக்கிற பிள்ளைக்கு உடம்பு சொல்வது கேட்காது. பிறகு பொட்டி ஹோலிலிருந்து குசினி வாசலுக்கு வரட்டும். மூன்று நாலு நாள் அங்கே. பிறகு பின் விறாந்தை. பிறகு பாத்ரூம் கதவடி. கடைசியில் உள்ளே, கொமட்டுக்குப் பக்கத்தில். ஒவ்வொரு தடவையும் அவளையே தூக்கி வைக்கச் சொல்லுங்கள், அவளுடைய சாமான் அது. எங்காவது முரண்டு பிடித்தால் ஓர் இடம் பின்னுக்கு வாருங்கள், சண்டை வேண்டாம். பம்பஸ் கேட்டு அழுதால் அதையும் கட்டிவிடுங்கள், ஆனால் பாத்ரூமுக்குள் நின்றுதான் போக வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். சில நாளில் பம்பஸோடு பொட்டியில் இருப்பாள். அதன் பிறகு ஒட்டுகிற பட்டியைத் தளர்த்தி விடலாம். எத்தனையோ பிள்ளைகள் இந்த வழியால் வந்திருக்கிறார்கள்.

பொட்டியில் போனதை அவளோடு சேர்ந்து கொமட்டுக்குள் கொட்டுங்கள். வாழை மரத்தடியில் கொட்டுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளையின் மலத்திலும் பெரியவர்களுடையதைப் போலவே கிருமி இருக்கிறது. மழை வந்தால் அது கிணற்றடிக்குத்தான் போகும். கொட்டிய பிறகு வாளியிலிருந்து கோப்பையால் தண்ணீர் ஊற்றுகிற வேலையை அவளிடம் கொடுங்கள். சில பிள்ளைகள் தங்கள் உடம்பில் ஒரு பகுதி போய்விட்டது என்றே பயப்படும். அவள் "போயிட்டு வா" என்று கைகாட்டினால் நீங்களும் காட்டுங்கள். புது கொமட்டின் ஃபிளஷ் சத்தம் அவளுக்கு இடி மாதிரி. அவள் வெளியே வந்த பிறகு இழுங்கள். அவளே இழுக்க வேண்டும் என்று ஒரு நாள் கேட்பாள்.

இனிக் கொமட். கொமட்டின் முன்னால் 7, 8 அங்குல உயரத்தில் ஆடாத படி ஒன்று வேண்டும். கடையில் வாங்கத் தேவையில்லை. வீடு கட்டி மிஞ்சின புளொக் கல் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே அகலமான பலகை ஒன்றை இறுக்கிப் பொருத்தினால் போதும். ஏறி நின்று பாருங்கள், உங்கள் பாரத்துக்கு ஆடாவிட்டால் அவளுக்கும் ஆடாது. பிள்ளைகளுக்கு ஓட்டையைச் சின்னதாக்குகிற சீற் கல்முனை, அக்கரைப்பற்றுக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அவளைப் பின்பக்கம் திருப்பி, தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க இருத்துங்கள். கால் இரண்டு பக்கமும் விரிந்து, தாங்கியைக் கையால் பிடித்துக்கொள்வாள், உள்ளே விழுந்துவிடுவேன் என்ற பயம் குறையும். அப்படி இருக்கும்போது படி உதவாது, அதனால் நீங்கள் பின்னால் நின்று இடுப்பைத் தாங்கிக்கொள்ளுங்கள். பயம் போனதும் முன்பக்கம் திருப்பிப் படியில் கால் வைக்கப் பழக்கலாம்.

முதல் சில நாள் உடுப்போடு இருந்து கதை கேட்கட்டும். பிறகு, சாப்பிட்டு 20, 30 நிமிடத்தில் இருத்துங்கள். வயிறு நிறைந்ததும் குடல் தானாக அசையும் நேரம் அது. 5 நிமிடம் போதும். ஒன்றும் வராவிட்டால் "இருந்தாய் தானே, நல்ல பிள்ளை" என்று இறக்கிவிடுங்கள். வந்ததற்கு மட்டுமல்ல, இருந்ததற்கும் பாராட்டு வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையை இழுத்துப் பேசாதீர்கள். அவளுக்கு முன்னால் மற்றவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காதீர்கள், அவளுக்கு எல்லாம் விளங்கும். "பாத்ரூமில் பேய் நிற்கு" என்று ஒரு நாளும் ஒருவரும் சொல்லக்கூடாது.

மாமியைப் பற்றி. அவவோடு வாதாடி வெல்ல வேண்டாம் மகள். அடியால் பிள்ளையின் மலவாசல் திறக்காது, இன்னும் இறுகும். அது எனக்கு நிச்சயம். என் மூத்த மகனை நானே அதட்டி இருத்தி வைத்தேன். இதே வேலையில் இருந்துகொண்டு அதைச் செய்தேன். அவன் பல நாள் அடக்கி, வயிறு வீங்கிப் போனான். அந்த முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. மாமியிடம் இப்படிப் போங்கள்: "மாமி, உங்கட காலில இருத்தின மாதிரி பிள்ளைக்கு ஒருக்காக் காட்டுங்களேன்" என்று கேளுங்கள். குந்துகிற கக்கூஸுக்குப் பழக்குகிற வேலையை முழுதாக அவவிடமே ஒப்படையுங்கள். குந்தி இருப்பதில் எங்களை விட அவ கெட்டிக்காரி.

அந்த முன்பள்ளிக் கக்கூஸ் உங்களுக்குப் பெரிய கவலையாக இருக்கிறது. எனக்கு அவ்வளவு இல்லை. குந்துவது பிள்ளைகளுக்கு இயல்பான இருப்பு. மண்ணில் விளையாடும்போது பாருங்கள், அரை மணித்தியாலம் குந்தியிருப்பாள். அவளுக்குச் சிக்கல் அகலம்தான். கால் வைக்கிற இடம் பெரியவர்களின் அளவுக்குக் கட்டப்பட்டது. சின்னக் கால் அங்கே போனால் வழுக்கும், நடுவில் குழி. அதனால் குழி ஒடுங்கிய பக்கத்தில் இரண்டு காலையும் கிட்ட வைத்துக் குந்தப் பழக்குங்கள். முதலில் வளவில், ஈர்க்கால் நிலத்தில் ஒரு குழி கீறி, உடுப்போடு விளையாட்டாகக் குந்தட்டும், மாமி முன்னால் குந்திக் கையைப் பிடிக்கட்டும். பிறகு தெரிந்த ஒரு வீட்டுக் கக்கூஸில். மார்கழி விடுமுறைக்கு முன் ஒரு நாள் முன்பள்ளிக்கே கூட்டிப்போய், ரீச்சரிடம் கேட்டு, அங்கே ஒரு தடவை ஒண்டுக்கு இருக்கச் செய்யுங்கள். அன்றைக்கு ரீச்சரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: இறுகி நொந்த பிள்ளை, கேட்டால் உடனே விட வேண்டும், கை பிடிக்க ஒருவர் வேண்டும். "ஒண்டுக்கு வருகுது", "ரெண்டுக்கு வருகுது" என்று வெட்கப்படாமல் உரத்துச் சொல்ல மகளுக்கும் பழக்குங்கள். உடுப்பு அவளே இறக்கக்கூடிய இலாஸ்டிக் காற்சட்டையாக இருக்கட்டும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் போய்விட்டுப் போகிற பழக்கம் வந்துவிட்டால், முன்பள்ளியில் பெரும்பாலும் ஒண்டுக்கு மட்டும்தான்.

பெண் பிள்ளை என்பதால் இது முக்கியம்: கழுவும்போது கை முன்னிருந்து பின்னுக்குப் போக வேண்டும். பின்னாலிருந்து முன்னுக்கு வந்தால் மலக்கிருமி சிறுநீர் வழியால் ஏறும். மூன்று வயதில் அவளால் முழுதாகக் கழுவ முடியாது, நாலு ஐந்து வயது வரை உங்கள் உதவி வேண்டும். கழுவிவிட யாருக்கு அனுமதி என்பதையும் பெயர் சொல்லிச் சொல்லிக்கொடுங்கள்: அம்மா, அப்பா, அப்பம்மா, பள்ளியில் இந்த ரீச்சர். வேறு யாராவது வந்தால் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஓடி வரலாம் என்றும் சொல்லுங்கள்.

பின்வரும் எதையாவது கண்டால் கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் அக்கரைப்பற்று அல்லது கல்முனை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்: வயிறு வீங்கி வாந்தி எடுப்பது, காய்ச்சலோடு சிறுநீர் எரிவது, இரத்தம் கூடிக்கொண்டு போவது, கால் பலவீனமாக இருப்பது. அதிக தாகத்தோடு, பழகிய பிள்ளை திடீரென்று அடிக்கடி நனைப்பதும் அப்படித்தான். பிறந்து முதல் இரண்டு நாளில் மலம் போகாமல் இருந்தவள் என்றால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். காற்சட்டையில் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருந்தால் வயிற்றோட்டம் என்று நினைத்து மருந்து கொடுத்துவிடாதீர்கள். உள்ளே அடைத்திருக்கிற கல்லைச் சுற்றி வழிகிற தண்ணீர் மலமாக இருக்கலாம்.

இரவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இரவில் நனையாமல் இருப்பது தனிக் கணக்கு, அது உடம்பு முதிர்ந்து தானாக வருவது. ஐந்து வயது வரை அதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

இப்போது ஐப்பசி. இன்னும் கொஞ்ச நாளில் மாரி தொடங்கிவிடும். பின்வளவுப் பாத்ரூமுக்கு இருட்டில், சேற்றில், தவளைச் சத்தத்துக்கு நடுவில் ஒரு மூன்று வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போகாதீர்கள். தண்ணீர் ஊறி குழி நிறைந்தால் கொமட் களக் களக் என்று சத்தம் போட்டு மேலே பொங்கும். அதை ஒரு தடவை கண்டால் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். மாரி முடியும் வரை இரவில் அவளுடைய பொட்டி கட்டிலடியில் இருக்கட்டும், பகலில் மட்டும் கொமட். பாத்ரூமுக்குப் போகிற வழியில் ஒரு பல்ப் போட உங்கள் கணவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

பொட்டியை எப்போது எடுத்து வைப்பது என்று பிறகு கேட்பீர்கள். இரண்டு மூன்று கிழமையாக அவள் அதைத் தேடவில்லை என்றால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, அவளுக்குத் தெரிகிற மாதிரி அல்மாரிக்கு மேலே வையுங்கள். காய்ச்சல் வந்த அன்றோ, வீட்டில் இன்னொரு குழந்தை பிறந்தாலோ திரும்பக் கேட்பாள். கேட்டால் இறக்கிக் கொடுங்கள்.